ஒரு மெத்தை, இரண்டு ஷிப்டு

“உன்னை மாதிரிப் பிள்ளைங்க டேட்டா கொண்டு வரலாம்மா. அதை வச்சு யோசிக்கிறதுக்கு வேற ஆள் வேணும்.”

பேராசிரியர் சபாபதி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தபடி, மழை வரும்போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். அவர்தான் என் ஆய்வு நெறியாளர். அன்று என் முனைவர் பட்டத் தலைப்பை அவரிடம் கொண்டுபோயிருந்தேன். ஷிப்டு வேலை பார்க்கும் பெண்கள் எப்படித் தூங்குகிறார்கள், ஒரு படுக்கையை இரண்டு பேர் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. “தூக்கமெல்லாம் ஒரு தலைப்பா?” என்று அறையிலிருந்த மற்ற ஆசிரியர்களைப் பார்த்துக் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

தலைப்பை அவர் தள்ளிவிடவும் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் பெண் தொழிலாளர்களின் முன்னேற்றம் பற்றி அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. அதற்குக் கேள்வித்தாள் நிரப்ப ஆள் வேண்டும். “இதை ஒழுங்கா முடிச்சுக் குடு. அப்புறம் உன் தூக்கத்தைப் பார்க்கலாம்” என்றார். ஊர் திரும்பியதும் ஆய்வுக் குழு கூடும். என் தலைப்பு நிற்குமா, போகுமா என்பது அவருடைய ஒரு கையெழுத்தில் இருந்தது. அதனால் கிளம்பினேன்.

அதனால் மட்டும் என்று சொன்னால் பொய். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். தென்காசிப் பக்கம், செங்கல் சூளையில் வேலை பார்க்கும் குடும்பம். பி.ஏ. முடித்துவிட்டு மேலே படிக்க வழியில்லாமல் ஒரகடத்தில் காருக்கு ஒயரிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அந்தச் சம்பளத்தில்தான் பிறகு எம்.ஏ. படித்தேன். துறையில் இதை நான் மறைத்ததில்லை. சபாபதி சார் என்னை “நம்ம ஃபேக்டரிப் பொண்ணு” என்று பிறருக்கு அறிமுகம் செய்வார். அந்த வார்த்தையில் எனக்கு வெட்கம் இல்லை. அவர் அதைச் சொல்லும்போது உதட்டோரம் வரும் புன்னகைதான் பிடிக்காது.

ஸ்ரீபெரும்புதூரில் எங்களுக்காக ஒரு கார் நின்றது. பேராசிரியர் முன்னால் ஏறினார். பின்னால் வசந்தா மேடம். எங்கள் துறையின் இணைப் பேராசிரியர், மெல்லப் பேசுகிறவர், சார் இருக்குமிடத்தில் பேசவே பேசாதவர். எங்கள் இருவருக்கும் நடுவில் கேள்வித்தாள் பெட்டிகள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெட்டி என் விலாவில் இடித்தது. டிக்கியில் வைக்கலாமே என்றேன். அங்கே சாருடைய சூட்கேஸ் நசுங்கிவிடுமாம்.

ஓட்டுநர் குமார் பிள்ளைப்பாக்கத்துக்காரர். போகிற வழியில் ஒரு நீள மதிலைக் காட்டி, “அங்க ஒரு கேட்டு கீது பாருங்க சார், அதுக்குள்ள இருக்கிற கேண்டீன் எங்க கெணத்து மேல கட்டுனது. எங்க மாமா அங்கதான் வாச்மேன். அவரு கெணத்துக்கு அவரே காவல்” என்றார். நானும் மேடமும் சிரித்தோம். சார் செல்போனில் இருந்தார்.

மதியச் சாப்பாடு ஒரு கொரிய உணவகத்தில். அந்தச் சாலையில் கொரிய எழுத்துப் பலகைகள் இப்போது தமிழ்ப் பலகைகளோடு போட்டி போடுகின்றன. நான் வேலை பார்த்த காலத்தில் அவற்றைப் பேருந்து சன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. ஒரு தொழிற்சாலை அதிகாரி எங்களை அழைத்திருந்தார். சிறுசிறு கிண்ணங்களில் ஏதேதோ வந்தன. புளிக்கவைத்த முட்டைக்கோசில் மிளகாய்ப்பொடி பூசியிருந்தது. வாயில் வைத்ததும் எனக்குப் பழைய சோறும் ஊறுகாயும்தான் நினைவுக்கு வந்தன. அவ்வளவு பிடித்துப்போயிற்று. சபாபதி சார் தயிர்சாதம் கிடைக்குமா என்று மூன்று பேரிடம் கேட்டார்.

கடைக்காரக் கொரிய அம்மாள் என் கிண்ணம் காலியானதைப் பார்த்து, கேட்காமலே இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். “நல்லா சாப்டு” என்றார், அழகான தமிழில். அந்த மேசையில் அன்று என் முகத்தைப் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். அதிகாரி என்னைக் காட்டி, இவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். “டேட்டா கலெக்ஷனுக்கு வந்த பெண்” என்றார் சார், அதுவும் ஆங்கிலத்தில்.

விடுதியில் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் அறை போட்டிருந்தது. “உனக்கு இங்க தெரிஞ்ச இடம் இருக்குமே, பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டு சார் லிஃப்டில் ஏறிவிட்டார். வசந்தா மேடம் கதவு மூடும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமார் அண்ணன்தான் என்னைச் சுங்குவார்சத்திரத்தில் கொண்டுவந்து விட்டார்.

“காலைலேர்ந்து பாக்கறேன், உன் பேரு இன்னான்னே தெரியலமா. அவரு ‘ஏம்மா ஏம்மா’ன்னே கூப்ட்டுக்கினு கீறாரு.”

“முத்துக்கனி.”

“நல்ல பேரு. அத்த சொல்லிக் கூப்ட்டா இன்னாவாம்.”

ஒயரிங் லைனில் நிற்கும்போது எல்லோர் நெஞ்சிலும் பெயர் அட்டை தொங்கும். திட்டினாலும் பெயர் சொல்லித்தான் திட்டுவார்கள். பல்கலைக்கழகத்தில் என் பெயரை முழுதாகக் கூப்பிடுகிறவர் வருகைப் பதிவு எடுக்கும் அலுவலர் மட்டும்தான்.

நெடுஞ்சாலைக்குப் பின்னால், தேநீர்க் கடைகளைத் தாண்டி இருக்கும் ஒரு மாடி வீட்டில்தான் நான் முன்பு தங்கியிருந்தேன். கோவில்பட்டிக்காரி செல்வராணி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். என்னோடு லைனில் நின்றவள், இப்போது லைன் லீடர். கதவைத் திறந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏட்டி, டாக்டர் ஆகப் போறேன்னு போன. இப்பிடி நோயாளி மாரி வந்து நிக்க” என்றாள். உள்ளே இழுத்து உட்காரவைத்துவிட்டு, ஆம்பூர்க்காரர் எதிரே திறந்திருக்கும் பிரியாணிக் கடையை விட்டுவிட்டு, நம் பக்கத்து ஆள் போடும் புரோட்டாவும் சால்னாவும் வாங்கிவந்தாள். தனித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். முன்பெல்லாம் எல்லோரும் ஒரே தட்டில் பிய்த்துப் போட்டுத்தான் தின்போம். அந்தத் தனித் தட்டு எனக்குக் கொஞ்சம் வலித்தது.

நான் தேடியது கோமதியை. கேட்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“அவ போயி ரெண்டு வருசம் இருக்கும். கல்யாணம். நம்பர் மாத்திட்டா போல, போனே போகல” என்றாள் செல்வராணி.

கோமதி என் மெத்தைக்காரி. இந்த வீட்டில் ஒரு மெத்தைக்கு இரண்டு பேர். ஒருத்தி வேலைக்குப் போனதும் மற்றவள் வந்து படுப்பாள். ஒரு வாரம் எனக்குப் பகல் ஷிப்டு, அவளுக்கு இரவு. அடுத்த வாரம் மாறும். அவள் எழுந்துபோன சூட்டில் நான் படுப்பேன். அவள் தலைக்கு வைக்கும் எண்ணெய் என்னவென்று தெரியும். அவளுக்குச் சளி பிடித்தால் தலையணைக்கடியில் இருக்கும் தைலப் புட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். எனக்காகச் சுவரோரம் ஒரு கொய்யாக்காயில் பாதியை வைத்துவிட்டுப் போவாள். நான் ஒரு ஊக்கோ, ஒரு மிட்டாயோ வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அறையில் இருப்போம். அன்று எங்களுக்குப் பேசவே கூச்சமாக இருக்கும். ஏதோ தெரியாத பெண்கள் போல ஆளுக்கொரு மூலையில் துணி மடிப்போம்.

இந்த உறவுக்கு என்ன பெயர்? தோழி என்று சொல்ல முடியாது, அவ்வளவு பேசியதில்லை. எம்.ஏ. படித்தபோது உறவுமுறைகள் பற்றிய பாடம் ஒவ்வொன்றிலும் அதைத் தேடினேன். கிடைக்காததால்தான் அது என் தலைப்பானது. சார் சொல்வதுபோல டேட்டா கொண்டுவர மட்டும் நான் ஆசைப்பட்டிருந்தால், இந்தக் கேள்வி என்னை இத்தனை வருடம் தொந்தரவு செய்திருக்காது.

அன்று எனக்குப் படுக்கக் கொடுத்தது சபிதா என்ற ஒடிசாப் பெண்ணின் மெத்தை. அவளுடைய மெத்தைக்காரி விடுப்பில் ஊருக்குப் போயிருந்தாள். விடிகிற நேரத்தில் கண் விழித்தால், காலடியில் சபிதா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஷிப்டு முடிந்து வந்தவள், என்னை எழுப்பாமல் காத்திருந்தாள். நான் பதறி எழுந்தேன். அவள் பாதி மூடிய கண்ணோடு என் இடத்தில் சரிந்தாள். பிறகு படுத்தபடியே போனில் யாரிடமோ மெல்லப் பேசினாள். செல்வராணிக்கு ஒடியா கொஞ்சம் புரியும். “அம்மாகிட்ட சொல்லுதா. சாப்பிட்டேன், நல்லாத் தூங்கினேன், இப்பதான் எந்திச்சேன்னு” என்றாள்.

இரண்டாம் நாள் கேள்வித்தாள் நிரப்ப அந்த வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. இரவு ஷிப்டுப் பெண்கள் பகலில் தூங்குவார்கள், மாலை நாலு மணிக்கு மேல் வரலாம் என்று நான் துறையிலேயே சொல்லியிருந்தேன். மாலையில் சாருக்கு வேறு சந்திப்பு இருந்தது. காலைச் சிற்றுண்டியை முடித்துவிட்டு வெயில் ஏறியபின் வந்து சேர்ந்தார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பவானியக்கா அந்த ஊர்க்காரர். வாசலிலேயே மறித்தார். “பொண்ணுங்க தூங்கினு கீதுங்க சார். நைட்டு ஃபுல்லா நின்னுட்டு வந்துதுங்க” என்றார். ஐந்து நிமிடம்தான் ஆகும் என்றார் சார். பேராசிரியர், அதுவும் இவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர். பவானியக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி மற்றவள் தோளில் சாய்ந்தபடியே பதில் சொன்னாள். வேலை பிடித்திருக்கிறதா என்றால், ஆமாம். வீட்டு முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்றால், ஆமாம். சார் மேடத்திடம் திரும்பி ஆங்கிலத்தில், இவர்களுக்கு விழிப்புணர்வு மிகக் குறைவு என்றார். விழிப்பே இல்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அறையில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அவர் யாரையும் கேட்கவே இல்லை. மெத்தைகளை விரலால் எண்ணி எழுதினார்.

“சார், ஒரு மெத்தைக்கு ரெண்டு பேர். மத்தவங்க இப்ப வேலையில இருக்காங்க.”

“நான் கண்ணால பார்க்கிறேன்ல. ஒரு நேரத்துல படுக்கிறது ஒருத்திதானே? அதைத்தான் எழுதணும்.”

வசந்தா மேடம் பேனாவைத் திறந்தார், மூடினார். அந்த எண் அப்படியே நின்றது. கோமதியைப் போன்ற மெத்தைக்காரிகள் அத்தனை பேரும் அந்தத் தாளில் இல்லாமல் போனார்கள்.

எல்லோரும் எழுந்திருந்தார்கள், சபிதாவைத் தவிர. போர்வையைத் தலைவரை இழுத்திருந்தாள்.

“அந்தப் பொண்ணையும் எழுப்பு.”

“அவங்க தூங்கட்டும் சார். சாயங்காலம் நானே கேட்டு எழுதித் தர்றேன்.”

“எழுப்புன்னு சொன்னேன்.”

“எழுப்ப மாட்டேன் சார்.”

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. சார் என்னிடம் பேசவில்லை, மேடத்திடம் பேசினார். இவள் இந்த இடத்துக்கு ரொம்ப நெருக்கமானவள், இவளால் சாட்சி சொல்ல முடியும், ஆராய்ச்சி செய்ய முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது என்பதைப் போல. எம்.ஏ. தேர்வை நான் அந்த மொழியில்தான் எழுதினேன். அவர்தான் திருத்தினார்.

காரில் ஏறும்போது மட்டும் என்னிடம் சொன்னார். “ஊருக்குப் போனதும் தலைப்பை மாத்திக்கோ. இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அன்று சாயங்காலம் செல்வராணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. “எழுப்ப மாட்டேன்னு சொன்னியாமே. இங்க இருக்கையில சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் தலைய ஆட்டுவ. படிச்சு வாய் வளந்துட்டு” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லைனில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டேன். விளையாட்டாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

அவள் தலை பின்னுவதை நிறுத்தினாள். “எடுக்காங்க. ஒனக்குக் கெடையாது.”

“ஏன்?”

“நீ எங்கள எல்லாம் கேள்வி கேட்டே கொன்னுருவ. அங்கன போய்க் கேளு, போ.”

மூன்றாம் நாள் அதிகாலை நான் ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் போய் சாருடைய காரில் சேர்ந்துகொள்ளவேண்டும். ஊர்ப் பேருந்துக்காகச் சாலையோரம் நின்றேன். நின்ற இடம் எது என்று யோசிக்கவில்லை. பழைய வழக்கத்தில் எங்கள் கம்பெனி வண்டி நிற்கும் இடத்தில் போய் நின்றிருக்கிறேன். வண்டி வந்தது, கதவு திறந்தது, கால் தானாக ஏறிவிட்டது. உட்கார்ந்த பிறகுதான் கழுத்தில் அட்டை இல்லை என்பது உறைத்தது.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “புச்சா சேந்தியா?” என்றார்.

முன்பு இருந்தவள், இப்போது இல்லை, ஒரகடத்தில் இறக்கிவிடுங்கள் என்றேன். தலையசைத்தார்.

வண்டி முழுக்கத் தூக்கம். சன்னல் கண்ணாடிகளில் நெற்றிகள், ஈரக் கூந்தலின் சீயக்காய் வாசம், ஒரு மடியில் திறக்காத டிபன் டப்பா. பக்கத்திலிருந்த பெண்ணின் தலை மெல்லச் சரிந்து என் தோளுக்கு வந்தது. யாரென்று அவளுக்குத் தெரியாது. நான் அசையாமல் இருந்தேன். வெளியே ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலை விளக்குகள் போயின. இந்த இடத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்று இத்தனை நாளும் ஏங்கியது இந்தத் தோள்களுக்காகத்தான் என்று பட்டது. ஆனால் இனி நான் இந்த வண்டியில் தூங்க முடியாது. தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கத்தான் முடியும். அதை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒரகடத்தில் இறங்கும்போது அந்தப் பெண்ணின் தலையைப் பிடித்துச் சன்னலில் சாய்த்துவிட்டேன். அவள் கண் திறக்கவில்லை.

ஊர் திரும்பும் முன் குன்றத்தூர் முருகனைப் பார்க்கவேண்டும் என்று சார் விரும்பினார். படிகளில் அவர் முன்னே ஏறிப்போனார். பாதியில் வசந்தா மேடம் மூச்சு வாங்க நின்றார். நானும் நின்றேன்.

“நீ நேத்து சொன்னது சரி” என்றார்.

“நேத்தே சொல்லியிருக்கலாமே மேடம்.”

அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கேட்கவேண்டும் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன். என் தலைப்புக்கு நீங்கள் நெறியாளராக இருக்க முடியுமா?

அவர் கீழே தெரிந்த கூரைகளைப் பார்த்தார். “எனக்கு இன்னும் ப்ரொமோஷன் வரலம்மா. அவர் கமிட்டியில இருக்கார்” என்றார். பிறகு, “முத்துக்கனி” என்று பெயரைச் சொல்லி ஏதோ தொடங்கி, நிறுத்திக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரைப்போல ஆகிவிடுவேனோ என்ற பயம் வந்தது.

மேலேயிருந்து பார்த்தால் அந்தப் பகுதி முழுக்க வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கோமதி எந்த ஊரில், யாருடைய வீட்டில், எந்த நேரத்தில் தூங்குகிறாளோ. அவளுக்கு முழுப் படுக்கை கிடைத்திருக்கும். சுவரோரம் யாருக்காவது பாதிக் கொய்யா வைக்கவேண்டும் என்று அவளுக்கு எப்போதாவது தோன்றுமா?

ஊருக்குப் போனதும் வேறொரு கல்லூரியின் சமூகவியல் ஆசிரியை ஒருவருக்குப் போன் செய்தேன். நான் பார்த்திராதவர். தலைப்பைச் சொன்னேன். எங்கே வேலை பார்த்தாய், யார் சிபாரிசு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. “ஆள் மாறும்போது மெத்தை விரிப்பை யார் மாத்துவாங்க?” என்று கேட்டார். எங்கள் அறையில் ஆளுக்கொரு விரிப்பு, மற்ற அறைகளில் எப்படியென்று தெரியவில்லை என்றேன். “அப்ப அதைத் தெரிஞ்சுக்கணும்” என்றார். போனை வைத்த பிறகு எனக்குக் கண் கலங்கியது. என் தலைப்பைப் பற்றி முதல்முறையாக ஒருவர் கேள்வி கேட்டிருந்தார்.

நெறியாளரை மாற்றக் கோரும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். சபாபதி சார் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரவேண்டும். இதுவரை தரவில்லை. தராமலே போகலாம். துறையில் சிலர் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

நான் காத்திருக்கவில்லை. இதை எழுதுவது சுங்குவார்சத்திரத்தில், செல்வராணியின் அறைக்கு அடுத்த அறையிலிருந்து. நேற்று மாலை வெயில் தாழ்ந்த பிறகு சபிதா எழுந்து முகம் கழுவிவிட்டு, இரண்டு டம்ளர் தேநீரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். “கேளு அக்கா” என்றாள்.

“இன்னிக்கு நல்லாத் தூங்கினியா?” என்று ஆரம்பித்தேன்.